எந்த ஊர்க் கீரை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதையாக இருக்காது. வடசென்னை எர்ணாவூரில் கீரை பயிரிடும் பெண்களுக்கு வியாபார நிர்வாகம் சொல்லிக்கொடுக்கப் போன முதல் நாள், அவர்களுடைய நிலத்தில் நின்றபடி, "உங்க பொருளை நீங்களே மதிக்கலைன்னா வாங்க வர்றவங்க எப்படி மதிப்பாங்க?" என்று இரண்டு கையையும் விரித்துப் பேசினேன். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். அன்றைக்குப் புது ஷூ. ரசிக்கிறார்கள் போலிருக்கிறது என்று காலை இன்னும் கொஞ்சம் முன்னால் எடுத்து வைத்தேன்.

"சார், சித்த இப்டிக்கா வந்து நில்லுங்க," என்றார் ஒருவர். "நீங்க மிதிச்சிகினு கீறது அரைக்கீரை."

நான் அதைப் புல் என்று நினைத்திருந்தேன்.

சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் குனிந்து, நசுங்கிப்போன செடிகளை விரலால் நிமிர்த்திவிட்டு, "பரவால்ல, பொயச்சிக்கும்" என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். அவர்தான் அந்தக் குழுவின் தலைவி. மற்ற பெண்கள் அவரை 'லீடர்' என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் காலடிப்பேட்டைக்காரன். வியாபார நிர்வாகத்தைத் தபாலில் படித்தேன். படித்த கையோடு, ஏற்கெனவே ஒரு ஜெராக்ஸ் கடை ஓடிக்கொண்டிருந்த தெருவில், அதற்கு நேர் எதிரே இன்னொரு ஜெராக்ஸ் கடை போட்டேன். எதிர்க்கடைக்காரர் தங்கமான மனிதர். நான் கடையை மூடிய அன்று மிஷினை வண்டியில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்துவிட்டதே அவர்தான். வியாபாரம் செய்யத் தெரியாதவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே வியாபாரம், வியாபாரம் செய்வது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தருவது. அதை இன்றுவரை நட்டமில்லாமல் நடத்தி வருகிறேன். ஜெராக்ஸ் கடைக் கதையை வகுப்பில் ஒரு பாடமாகவே சொல்வேன்.

எர்ணாவூரில் விவசாயமா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானும் பட்டேன். ஒரு பக்கம் தொழிற்சாலையின் காம்பவுண்டு சுவர், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை. இரண்டுக்கும் நடுவே யாரும் கட்டடம் எழுப்ப மறந்துபோன மாதிரி ஒரு துண்டு நிலம். அதில் ஒரு கிணறு. கிணற்றைச் சுற்றிப் பாத்தி பாத்தியாக அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை. விடிந்ததும் இலைகளின் மேல் சன்னமாகச் சாம்பல் படிந்திருக்கும். பெண்கள் பிடுங்கிய கீரையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி அலசி, கட்டுக் கட்டாகக் கட்டி, கூடையில் அடுக்குவார்கள். அலசிய தண்ணீரின் நிறத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முகம் கழுவிய தண்ணீரைப் பற்றி யார் பேசுகிறோம்?

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனிதான் எங்கள் பயிற்சிக்குப் பணம் கொடுத்தது. லாபத்தில் ஒரு பங்கைச் சுற்றுவட்டார மக்களுக்காகச் செலவழிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதல்லவா, அந்தக் கணக்கில் 'விவசாயப் பெண்களுக்கான தொழில் மேலாண்மைப் பயிற்சி' என்று ஒன்று உருவாகி, என் தலையில் வந்து விழுந்தது. அரைக்கீரைச் சம்பவத்துக்குப் பிறகு வகுப்பைப் பக்கத்துச் சமுதாயக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டேன். பயிர் பாதுகாப்புக்கு அது ஒன்றுதான் நான் செய்தது.

வகுப்பில் ஒரு நாள் போர்டை நாலாகப் பிரித்து, பலம், பலவீனம், வாய்ப்பு, அபாயம் என்று எழுதினேன். இதெல்லாம் பெரிய பெரிய கம்பெனிகள் செய்வது, நாமும் செய்வோம் என்றேன். அபாயத்தில் ஆரம்பித்தார்கள். சாம்பல், மழை வெள்ளம், வெள்ளத்தோடு மிதந்து வரும் எண்ணெய், லாரிக்காரன், நிலத்துக்காரர், மாமியார் என்று எழுதி எழுதி இடம் போதாமல் பலவீனத்தின் கட்டத்துக்குள் நுழைந்தேன். பலம் காலியாகவே கிடந்தது.

"பலம்னு ஏதாவது ஒண்ணு சொல்லுங்க," என்று கெஞ்சினேன்.

எப்போதும் வெற்றிலை போட்டுக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு அக்கா, சாவகாசமாக வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, "வாயி" என்றார். "எய்திக்க வாத்யாரே. வாயி மட்டும் இல்லன்னா எங்கள எப்பவோ தூக்கினு போயிருப்பானுங்கோ."

எழுதினேன். "சரி, வாய்ப்பு?"

"லாரி இன்னும் வரலியே. அத்த எய்திக்க."

அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. லீடர் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, நிலத்துக்காரரைப் பார்க்கக் கூட வர முடியுமா என்று கேட்டார். நிலத்துக்காரர் காலடிப்பேட்டையில் என் வீட்டுக்கு அடுத்த தெரு. நிலத்தை அவர் லீடருக்கு விட்டிருந்ததெல்லாம் வாய்ச்சொல்லில்தான்.

போனோம். அவர் விசிறியால் முதுகைச் சொறிந்துகொண்டே பேசினார்.

"இந்தா பாரும்மா, உன்ன தொரத்தணும்னா நான் நெனைக்கிறேன்? டிரெய்லர் நிப்பாட்ட எடம் வேணும்னு ஒரு பார்ட்டி டெய்லி வாசல்ல வந்து நிக்கிறான். உன் கீரைய மாசாமாசம் நெலையா எடுக்கிற பெரிய எடம் எதுனா காட்டு, இன்னொரு வருஷம் வுட்டு வைக்கிறேன். தை பொறக்கறதுக்குள்ள சொல்லு. இல்லாங்காட்டி அவன்கிட்ட பேசிடுவேன்."

திரும்பி வரும்போது லீடர் கம்பெனி இருந்த பக்கம் கையைக் காட்டினார். "கான்ட்ராக்டு வேலைக்கு ஆள் எடுக்கறாங்கோ சார்," என்றார். "கூட்டறது, பாத்திரம் கய்வறது. போனா சம்பளம் வரும். ஆனா ஒருத்தன் நில்லுன்னா நிக்கணும், நவுருன்னா நவுரணும். இங்க என்ன நவுருன்னு சொல்றதுக்கு எவனும் இல்ல." என் பக்கம் திரும்பி, "உங்க படிப்புல இதுக்கு எதுனா வழி கீதா?" என்றார்.

"இருக்குக்கா," என்றேன். எனக்கு வாயில் வரும் முதல் பதில் எப்போதும் இதுதான். ஜெராக்ஸ் கடை போடலாமா என்று என்னையே நான் கேட்டுக்கொண்டபோதும் இதைத்தான் சொன்னேன்.

சந்தையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு காலையில் அவர்களோடு கூடையைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூரில் அவர்கள் கீரை விற்கும் தெருவுக்குப் போனேன். முதலில் வந்த அம்மாள் ஒரு கட்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "எந்த ஊரு கீரை?" என்று கேட்டார்.

"செங்குன்றம்," என்றார் வெற்றிலை அக்கா, கண்ணைக்கூட உயர்த்தாமல்.

அடுத்த கூடையிலும் அதே கேள்வி. "செங்குன்றம்மா. ஏரித்தண்ணி." எதிர்ச்சாரியில் எங்கள் குழுவைச் சேராத ஒரு பெண்ணும் செங்குன்றம்தான். சென்னைக்காரர்களுக்குச் செங்குன்றம் என்றால் ஏரி, தோப்பு, நல்ல காற்று. வடசென்னைத் தெருக்களில் விற்கிற கீரை முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது என்றால் செங்குன்றத்தில் மனிதர்கள் நிற்கவே இடம் இருக்காது. எர்ணாவூர் என்று சொன்னால் எடுத்த கட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். அதனால் யாரும் சொல்வதில்லை. எனக்குத் தோன்றியது, வாங்குகிறவர்களுக்கும் இது தெரியும். அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்டுவிட்டால் நிம்மதியாகக் கடைந்து சாப்பிடலாம், அவ்வளவுதான்.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அடுத்த வகுப்பிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஊர் பேரைச் சொல்லி விற்பதுதான் பிராண்டு, மல்லிகைக்கும் அல்வாவுக்கும் ஊர் இருக்கும்போது கீரைக்கு ஏன் இருக்கக் கூடாது, பொய் சொல்லி விற்கிற வியாபாரம் நிலைக்காது என்றெல்லாம்.

"உண்மைய சொன்னா விக்கவே விக்காது வாத்யாரே," என்றார் வெற்றிலை அக்கா. "நெலைக்கிறத அப்பால பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். லீடர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் செங்குன்றத்த பாத்ததே இல்ல," என்றார். "கல்யாணம் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து வாயத் தொறந்தா செங்குன்றம், செங்குன்றம். ஒரு தபா எங்க ஊரு பேர சொல்லி வித்துப் பாக்கணும்னு எனக்கும் கீது சார்."

வகுப்பில் என்னை நம்பிய ஒரே ஆள் அவர். அவர் நம்பியதைப் பார்த்து நானும் என்னை நம்ப ஆரம்பித்தேன். அன்றைக்கே பச்சைக் காகிதத்தில் கீரைக்கட்டைச் சுற்றி ஒட்டும் பட்டை ஒன்றுக்கு வாசகம் எழுதினேன். 'எர்ணாவூர் பசுங்கீரை. எங்கள் மண், எங்கள் உழைப்பு.' எனக்கே புல்லரித்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் மீட்டருக்கு மேலே கேட்டார்.

இதற்கிடையில் வழி ஒன்றும் கிடைத்தது. கம்பெனி வாசல் டீக்கடையில் அவர்களுடைய கேன்டீன் மேனேஜரைப் பிடித்தேன். மெலிந்த, சாந்தமான மனிதர். விவசாயப் பெண்கள் குழு, அன்றன்று பறித்த கீரை என்று அளந்தேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. பெண்கள் குழு என்றதிலேயே ஏதோ ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொண்டார் போலிருக்கிறது. ஒரு வாரம் அனுப்பிப் பாருங்கள் என்றார். பட்டை இன்னும் அச்சாகி வரவில்லை, அதனால் கீரை வெறும் வாழைநார்க் கட்டோடு உள்ளே போனது.

வாரக் கடைசியில் போன் செய்தார். "கீரைக் கடையல் மிச்சமே வரலை சார். ரெண்டாவது தடவை வந்து கேக்கறாங்க. பயிற்சி நிறைவு விழா அன்னிக்கு ஆர்டரைப் பேப்பர்ல போட்டுக் குடுத்துடறேன்."

லீடரிடம் சொன்னேன். அவர் நிலத்துக்காரரிடம் போய்ச் சொன்னார். நிலத்துக்காரரும், சரி, பேப்பரைக் கொண்டுவந்து காட்டு என்று டிரெய்லர் பார்ட்டியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டார். லீடர் சும்மா கிடந்த மூலையையும் கொத்திப் புதிதாக விதை தூவினார். நான் போனபோது அந்தப் பாத்தியைக் காட்டி, "இது கேன்டீனுக்கு" என்றார்.

அச்சான பட்டைகள் வந்ததும் முதல் கட்டை எனக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி பட்டையைப் படித்தாள்.

"எர்ணாவூரா?"

"ஆமா. எங்க பிராண்டு."

கட்டை ஃபிரிட்ஜில் வைத்தாள். மறுநாள் சாப்பாட்டில் கீரை இல்லை. கேட்டதற்கு, "தெருவுல மாடு வந்துச்சு" என்றாள். "மாடு சாப்பிட்டுச்சா?" என்று கேட்டேன். "மோந்து பாத்துச்சு" என்றாள். அவள் நமது இலக்கு வாடிக்கையாளர் அல்ல என்று நான் எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். படித்த படிப்பு இப்படிப்பட்ட நேரங்களில்தான் கைகொடுக்கிறது.

நிறைவு விழா கம்பெனியின் மாநாட்டு அறையில். குளிர்சாதனம், பூங்கொத்து, பெண்களுக்குச் சான்றிதழ். லீடர் இஸ்திரி போட்ட நீலப் புடவையில் வந்திருந்தார். என் யோசனைப்படி மேடை மேஜையில் பச்சைப் பட்டை சுற்றிய கீரைக்கட்டுகளை அடுக்கி வைத்தோம். கம்பெனி அதிகாரி ஒரு கட்டைக் கையில் எடுத்துப் புகைப்படத்துக்குச் சிரித்தார். கேன்டீன் மேனேஜர் பக்கத்தில் வந்து ஒரு கட்டை எடுத்தார். படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு என் முழங்கையைத் தொட்டு வெளி வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"சார், இந்தக் கீரை எங்க விளையுது?"

"உங்க காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம்தான்," என்றேன் பெருமையாக. "இந்த ஜன்னல்லேர்ந்து பாத்தாவே தெரியும்."

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கீழே கிணறும் பாத்திகளும் தெரிந்தன. புதிதாகக் கொத்திய மூலையும் தெரிந்தது.

"இதையா ஒரு வாரம் போட்டேன்?"

"நல்லாருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு." குரலைத் தணித்தார். "சார், சுவத்துக்கு இந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் விளைஞ்சதை அவங்களுக்கு நான் எப்படிப் போடுவேன்? செங்குன்றம் கீரைன்னு இல்ல நினைச்சேன்."

"லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணலாமே."

"பண்ணினா ரிசல்ட் வரும் சார். வந்தா அதை எங்க வைக்கிறது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் உண்மையாகவே சங்கடப்பட்டன. ஆர்டர் கிடையாது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. பட்டையைக் கிழியாமல் நீவிவிட்டு, கட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே வந்தபோது லீடரை மேடைக்கு அழைத்திருந்தார்கள். சான்றிதழைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த கீரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

"நாங்க எர்ணாவூரு," என்றார் லீடர். "இது எங்க கீரை."

எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரி தட்டினார், மேனேஜர் தட்டினார். நானும் தட்டினேன்.

வாசலுக்கு வெளியே வந்ததும் கேட்டார். "பேப்பர் குட்த்துட்டாரா சார்?"

நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைத்து, வேறு கேன்டீன்கள் இருக்கின்றன, ஹோட்டல்கள் இருக்கின்றன என்று ஆரம்பித்து, என் குரலே எனக்குப் பிடிக்காமல் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"ஜெராக்ஸ் கடைய எங்க கையால ஒரு தபா தொறந்து மூட வெச்சிட்ட வாத்யாரே," என்றார் வெற்றிலை அக்கா. அதில் கோபம்கூட இல்லை.

லீடர் சுவரோரம் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தார். சான்றிதழை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பச்சைப் பட்டையை உரித்தார். பசை நன்றாக ஒட்டியிருந்தது. அந்த அச்சகக்காரனைத் தேடிப்பிடித்தது நான்தான். சில இடங்களில் பட்டையோடு இலையும் கிழிந்து வந்தது. நானும் பக்கத்தில் குந்தி உரித்தேன். என் கட்டுகளில் இன்னும் அதிகமாகக் கிழிந்தது. "நீங்க வுடுங்க சார்," என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கீரை வாடுவதற்குள் விற்றாக வேண்டும் என்று அங்கிருந்து நேராகத் திருவொற்றியூர்த் தெருவுக்குப் போனோம். லீடர் முன்னால் வந்து நின்ற ஒரு பெண், "எந்த ஊரு?" என்றார். லீடர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் கட்டைக் கீழே வைக்கப் போனார். பக்கத்துக் கூடையிலிருந்து வெற்றிலை அக்கா, "செங்குன்றம்மா, எட்த்துகினு போ" என்றார்.

தை பிறந்தது. நான் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினேன். முதல் கேள்வி எந்த ஊர் என்பதுதான். நான் உண்மை பேசும் பிராண்டு ஆயிற்றே. நிலத்துக்காரரையும் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்து, "வாக்கு குட்த்துட்டேன்பா" என்றார். கிணற்றை மூடி, தரையைக் கட்டடக் கழிவு கொட்டிச் சமன் செய்தார்கள். இப்போது அங்கே டிரெய்லர்கள் நிற்கின்றன. கேன்டீனுக்கென்று விதைத்த மூலையில் டயர்களைக் குவித்திருக்கிறார்கள். டயர் நடுவே ஒரு செடி முளைத்து நிற்பதெல்லாம் கதைகளில்தான். நான் போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வெற்றிலை அக்கா இப்போது யாரிடமோ கீரையை மொத்தமாக வாங்கி விற்கிறார். என்னைப் பார்த்தால், "வாத்யாரே, ஷூ புச்சா?" என்று விசாரிப்பார்.

பயிற்சி சிறப்பாக நடந்ததாகக் கம்பெனி எனக்குப் பாராட்டு அனுப்பியது. அடுத்து, கருவாடு போடும் பெண்களுக்கு அதே பயிற்சியை நடத்தக் கூப்பிட்டார்கள். போனேன். போக மாட்டேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையில் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்திருப்பேன்.

கம்பெனியில் முதல் கூட்டம் முடிந்ததும் அவர்கள் கேன்டீனிலேயே சாப்பிடச் சொன்னார்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். சோறு, சாம்பார் எல்லாம் வாங்கிக்கொண்டு நகர்ந்து வந்தால், கடைசிப் பாத்திரத்துக்குப் பின்னால் பழுப்பு நிற யூனிஃபார்மும் தலையில் வலைத்தொப்பியுமாக லீடர் நின்றிருந்தார். நான் என் தட்டைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், வரிசையில் வந்த மற்ற எல்லோரையும் பார்த்த மாதிரியே. ஒரு கரண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கீரைக் கடையல்.

நல்லா இருக்கீங்களா என்று கேட்க வாய் வரவில்லை. மன்னித்துவிடுங்கள் என்பதைக் கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்று எப்படிச் சொல்வது? எதையாவது பேசித் தொலைக்க வேண்டுமே என்று, உலகத்தில் அவரிடம் நான் கேட்கக்கூடாத ஒரே கேள்வியைத் தேடிப்பிடித்துக் கேட்டேன்.

"எந்த ஊரு கீரைக்கா?"

அவர் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரின் தட்டுக்குக் கையை நீட்டினார்.

"செங்குன்றம் சார், நவுருங்க."